எரிபொருள் இல்லாமல், மின்காந்தத்தால் மட்டும் செயற்கைக்கோள்களை அணியாக நகர்த்த முடியுமா?

கேள்வி இதுதான்: அருகருகே பறக்கும் சில செயற்கைக்கோள்களில் மின்சுருள்களைப் பொருத்தி, அவை ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்தால், எரிபொருளே செலவழிக்காமல் அந்த அணியைக் கட்டிக்காக்க முடியுமா? கேட்டவர் இரண்டு சந்தேகங்களையும் சேர்த்தே எழுப்பியிருக்கிறார். காந்தத்தின் பிடி ஒரு சாண் தூரத்திலேயே தளர்ந்துவிடுகிறது, பத்து மீட்டரில் என்ன மிஞ்சும்? பூமியே ஒரு பெரிய காந்தமாக இருக்கும்போது அது சும்மா விடுமா?

முடியும். ஆனால் இடைவெளி சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை இருக்க வேண்டும். சந்தேகங்கள் இரண்டும் நியாயமானவை. முதலாவது, நாம் பயப்படும் அளவுக்குப் பெரிய தடை அல்ல. இரண்டாவது, நாம் நினைப்பதை விடப் பெரிய தடை. அதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆகவே அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில், எரிபொருள் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். இரண்டு செயற்கைக்கோள்களை ஒரே பாதையில், ஒரே வேகத்தில் விட்டுவிட்டால் அவை அப்படியே பக்கத்தில் இருந்துவிடாதா என்று தோன்றும். இருக்காது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 92 நிமிடம் ஆகிறது. அங்கே ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை மற்றதை விடச் சராசரியாக 1 மீட்டர் உயரமாக இருந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அது 9.4 மீட்டர் பின்தங்கிவிடும். ஒரு நாளில் ஏறத்தாழ 145 மீட்டர். ஒரே ஒரு மீட்டர் பிழைக்கு இந்தத் தண்டனை. மெல்லிய காற்றின் உராய்வு இரண்டின் மீதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதும் பாதைகளைச் சற்றே வெவ்வேறு விதமாகத் திருப்புகிறது. ஆகவே அணியைக் காப்பது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. அன்றாடம் தொடரும் சிறு சிறு திருத்தங்களின் வரிசை அது.

வழக்கமாக இந்தத் திருத்தங்களைச் சிறிய உந்துபொறிகள் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் வெளியேறும் வாயு சில கிராம்தான். ஆனால் தொட்டி ஒரு நாள் காலியாகும், அன்றே அணியின் ஆயுளும் முடியும். இதைவிடக் குறைவாகப் பேசப்படும் தொல்லை ஒன்று உண்டு: உந்துபொறியிலிருந்து பீறிடும் வாயு. பத்து மீட்டர் தள்ளி நிற்பது ஒரு தொலைநோக்கி என்றால், அந்த வாயு அதன் கண்ணாடியில் போய்ப் படியும். அதனால்தான் தொட்டி நிறைய எரிபொருள் இருந்தாலும் காந்த முறை அவசியப்படும் இடங்கள் உண்டு என்று நான் சொல்வேன். காந்தம் எதையும் உமிழ்வதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது முதல் சந்தேகம். காந்தத்தின் விசை தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது என்பது உண்மை. புவியீர்ப்பு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு சுருள்களுக்கு இடையிலான விசையோ, அவற்றின் அளவோடு ஒப்பிடும்போது தூரம் அதிகமாக இருந்தால், தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் விசை பதினாறில் ஒரு பங்கு. மூன்று மடங்காக்கினால் எண்பத்தொன்றில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். அரை மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் 100 சுற்று கம்பி. அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம். இதன் காந்த இருமுனைத் திருப்புத்திறன், அதாவது சுற்று எண்ணிக்கை, மின்னோட்டம், வளையத்தின் பரப்பு மூன்றின் பெருக்கல், ஏறக்குறைய 785 ஆம்பியர் சதுர மீட்டர். இப்படிப்பட்ட இரண்டு சுருள்களை ஒரே அச்சில், 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் அவற்றுக்கு இடையிலான விசை 37 மைக்ரோ நியூட்டன். பூமியில் ஓர் எறும்பின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். அதே சுருள்கள் 5 மீட்டரில் 590 மைக்ரோ நியூட்டன் தரும். 20 மீட்டரில் 2.3 மைக்ரோ நியூட்டன்தான்.

ஓர் எறும்பின் எடையைக் கொண்டு என்ன செய்துவிட முடியும்? பூமியின் மேல் ஒன்றும் முடியாது, உராய்வு தின்றுவிடும். விண்வெளியில் தடுக்க ஏதுமில்லை. எந்தக் கோளின் ஈர்ப்பும் குறுக்கிடாத ஆழ்வெளியில், தலா 50 கிலோகிராம் எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் இடைவெளியில் அசையாமல் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தைச் செலுத்தியதும் முதல் சில நிமிடங்களுக்கு எதுவும் நடப்பதாகவே தெரியாது. ஆனால் அந்த 37 மைக்ரோ நியூட்டன் மாறாமல் நீடித்தாலே, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் 4.8 மீட்டர் நகர்ந்திருக்கும். உண்மையில் நெருங்க நெருங்க விசை பெருகும் என்பதால் ஒரு மணி நேரம் ஆவதற்கு முன்பே இரண்டும் மோதிவிடும். ஆழ்வெளியில், அந்தத் தூரத்தில், நாம் கவலைப்பட வேண்டியது அவற்றைச் சரியான நேரத்தில் நிறுத்துவதைப் பற்றித்தான்.

பூமிக்கு அருகில் கதை வேறு. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் மற்றதற்கு நேர் மேலே 10 மீட்டரில் இருந்தால், ஈர்ப்பும் சுற்றுப்பாதை இயக்கமும் சேர்ந்து அவற்றைப் பிரிக்கப் பார்க்கும் முடுக்கம், நமது சுருள்கள் அவற்றுக்கு இடையில் தரும் முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 26 மடங்கு. அதை எதிர்த்து வெறும் பலத்தால் பிடித்து நிறுத்த முடியாது. செய்ய வேண்டியது வேறு. ஒன்றன் பின் ஒன்றாக ஒரே பாதையில் செல்வது, அல்லது ஒன்றையொன்று நீள்வட்டமாகச் சுற்றிவருவது போன்ற இயல்பான அமைப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஏற்படும் விலகலை மட்டும் காந்தத்தால் திருத்த வேண்டும். முன்பு சொன்ன அந்த 1 மீட்டர் உயரப் பிழையைத் திருத்த, இரண்டுக்கும் இடையிலான வேகத்தை நொடிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மாற்றினால் போதும். முன்னும் பின்னுமாக 10 மீட்டர் இடைவெளியில் செல்லும் நமது இரண்டு செயற்கைக்கோள்களும் இதை ஆறரை நிமிடத்துக்குள் செய்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுகிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூமியைச் சுற்றும்போது, முன்னே செல்வதைப் பின்னே வருவது இழுத்தால் இடைவெளி குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. முன்னே செல்வது பின்னால் இழுக்கப்படுவதால் ஆற்றலை இழந்து சற்றுத் தாழ்வான பாதைக்கு இறங்குகிறது; தாழ்ந்த பாதையில் சுற்றுக்காலம் குறைவு; ஆகவே அது இன்னும் முன்னே ஓடிவிடுகிறது. பின்னே வருவது ஆற்றலைப் பெற்று உயரப் போய்ப் பின்தங்குகிறது. நெருங்க வேண்டுமானால் தள்ள வேண்டும், விலக வேண்டுமானால் இழுக்க வேண்டும். நான் முதன்முதலில் இதைச் சமன்பாட்டில் பார்த்தபோது குறியைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

இனி இரண்டாவது சந்தேகம். பூமியின் காந்தப்புலம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேயுங்கள். அகன்ற கிண்ணத்தில் நீர் ஊற்றி, மிதக்கும் ஒரு சிறு தக்கைத் துண்டின் மேல் ஊசியைக் கிடத்துங்கள். ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். நிற்பதோடு சரி. கிண்ணத்தின் வடக்கு விளிம்பை நோக்கி அது நகர்ந்து போகாது. நகர்ந்தால் அது காற்றின் வேலை அல்லது நீர்ப்பரப்பின் வேலை. பூமியின் புலம் ஊசியைத் திருப்புகிறது, ஆனால் இழுப்பதில்லை. ஊசியின் வடமுனையை எவ்வளவு விசையோடு ஒரு பக்கம் இழுக்கிறதோ, அதே விசையோடு தென்முனையை மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து சுழற்றுமே தவிர நகர்த்தாது. நகர்த்த வேண்டுமானால் ஊசியின் ஒரு முனையில் இருக்கும் புலமும் மறுமுனையில் இருக்கும் புலமும் வேறுபட வேண்டும். அதாவது, புலம் எவ்வளவு வலியது என்பதால் விசை பிறப்பதில்லை. அது இடத்துக்கு இடம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதுதான் கணக்கு.

நமது சுருள்களுக்கு வருவோம். 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுருளின் புலம் இந்தச் சுருளை வந்தடையும்போது 0.16 மைக்ரோ டெஸ்லாதான். அங்கே பூமியின் புலம் 30 மைக்ரோ டெஸ்லா என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 200 மடங்கு வலியது. ஆனால் பூமியின் புலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெல்ல மாறுவது. பக்கத்துச் சுருளின் புலம் சில மீட்டரில் விழுந்துவிடுவது. மாறும் வேகத்தை ஒப்பிட்டால் பக்கத்துச் சுருள் பூமியை 3,000 மடங்குக்கு மேல் வென்றுவிடுகிறது. பூமி இருநூறு மடங்கு வலிமையோடு திருப்பப் பார்க்கிறது. பக்கத்திலிருக்கும் எளிய சுருளோ பூமியால் ஆகாத வேலையை, நகர்த்தும் வேலையைச் செய்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தத் துறையின் மொத்த நெருக்கடியும் புரிந்துவிடும்.

நெருக்கடி எவ்வளவு கடுமையானது என்றால், நமது சுருளைப் பூமியின் புலம் திருப்பும் திருப்பு விசை 0.024 நியூட்டன் மீட்டர் வரை போகும். இதைத் தாங்குவதற்குச் செயற்கைக்கோளுக்குள் சுழல் சக்கரங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் திருப்பு விசையை அந்தச் சக்கரம் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு உள்வாங்கிக்கொள்ளும். செயற்கைக்கோள் திரும்பாமல் நிற்கும். ஆனால் சக்கரத்துக்கும் ஓர் உச்ச வேகம் இருக்கிறது. 1 நியூட்டன் மீட்டர் நொடி கோண உந்தத்தை, அதாவது அந்த அளவு சுழற்சியைத் தாங்கும் சக்கரத்தை எடுத்துக்கொண்டால், சுருளில் மின்னோட்டம் பாய்ந்த 42 நொடியில் அது உச்சத்தைத் தொட்டுவிடும். 43ஆம் நொடியிலிருந்து செயற்கைக்கோள் தன் விருப்பத்துக்கு உருளத் தொடங்கும். நமக்குத் தேவையோ ஆறரை நிமிடம்! நேர்திசை மின்னோட்டத்தைக் கொண்டு பூமிக்கு அருகில் இதைச் செய்வதில் உள்ள உண்மையான சங்கடம் இதுதான். விசை போதாது என்பதல்ல.

தீர்வு மாறுதிசை மின்னோட்டம். இதை நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு சுருள்களிலும் மின்னோட்டத்தின் திசையை ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முதல் சுருளின் வடமுனை தென்முனை ஆகிறது; இரண்டாவதிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து மாறியதால், சற்று முன்பு ஈர்த்துக்கொண்டிருந்தவை இப்போதும் ஈர்க்கின்றன. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவது போல. ஆனால் பூமி தன் முனைகளை நம்மோடு சேர்ந்து மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு சுருளின் மீதும் பூமி செலுத்தும் திருப்பு விசை, முதலில் ஒரு பக்கம், அடுத்த கணம் மறுபக்கம் என்று மாறி மாறி வந்து, சராசரியில் ஒன்றுமில்லாமல் போகிறது. நொடிக்கு 80 முறை இப்படி மாற்றினால், 50 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோளில் மிஞ்சும் நடுக்கம் ஒரு ரேடியனில் பத்துக் கோடியில் மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சக்கரத்துக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு என்ன விலை? மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சுருளில் ஏற்படும் வெப்பமும் சராசரி விசையும் மின்னோட்டத்தின் இருமடியைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே ஒரே அளவு வெப்பத்துக்கு நேர்திசையிலும் மாறுதிசையிலும் ஒரே அளவு சராசரி விசை கிடைக்கிறது.

இதோடு நிற்கவில்லை. இரண்டு சுருள்களின் அலைகளும் ஒரே கட்டத்தில் இருந்தால், அதாவது ஒன்றாகவே ஏறி இறங்கினால், முழு ஈர்ப்பு. எதிர்க் கட்டத்தில் இருந்தால் முழு விலக்கு. கால் சுற்று தள்ளியிருந்தால் சராசரி விசை சுழி. இடையில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மின்னோட்டத்தின் அளவைத் தொடாமலே, அலையைச் சற்று முன்னே பின்னே தள்ளி விசையின் அளவையும் குறியையும் மாற்றிவிடலாம்.

அடுத்தது அதிர்வெண். ஒரு சுருள் நொடிக்கு 80 முறையும் மற்றொன்று நொடிக்கு 90 முறையும் மாறினால், ஒரு கணம் ஈர்ப்பு, ஒரு கணம் விலக்கு என்று மாறிக்கொண்டே போய் சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று உணர்வதே இல்லை. வானொலியில் வேறு அலைவரிசையில் பேசுபவர் காதில் விழாமல் இருப்பது போல. செயற்கைக்கோள்கள் இரண்டுக்கு மேல் போகும்போது இதன் அருமை தெரியும். பத்து செயற்கைக்கோள்கள் என்றால் 45 ஜோடிகள். நேர்திசை மின்னோட்டத்தில் ஒவ்வொன்றின் காந்தமும் மற்ற ஒன்பதையும் தொடும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்ற எட்டும் கலையும். எல்லாச் சுருள்களின் மின்னோட்டங்களும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு நிற்கும் சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அதிர்வெண் கொடுத்துவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் அண்டை வீட்டுக்காரர்களோடு மட்டும் பேசினால் போதும், மையத்திலிருந்து ஆணை பிறப்பிக்கும் தலைவர் தேவையில்லை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியில் விரிவாக வேலை செய்திருக்கிறார்கள்.

இங்கே மட்டும் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதைப் பொறியாளர்கள் இன்னும் பேரம் பேசித்தான் கையாள வேண்டியிருக்கிறது. சுருள் என்பது மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்ப்பது. நமது 100 சுற்றுச் சுருளில் நொடிக்கு 80 முறை 10 ஆம்பியரை மாற்ற, கம்பியின் மின்தடையை வெல்வதற்கு மேலாக நூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தேவைப்படும். தொடரில் ஒரு மின்தேக்கியைச் சேர்த்து, ஒத்ததிர்வில் ஓட்டினால் அந்தச் சுமை நீங்கிவிடும். மின்தடைக்கு உரியதை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் ஒத்ததிர்வு என்பது ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்திருப்பது. பல ஜோடிகளுக்குப் பல அதிர்வெண் வேண்டும் என்று இப்போதுதானே சொன்னோம்? அந்த வசதியும் இந்த வசதியும் ஒரே சுருளில் முழுமையாகக் கிடைப்பதில்லை. இரண்டே செயற்கைக்கோள்கள் என்றால் நான் ஒத்ததிர்வைத் தேர்ந்தெடுப்பேன்.

ஒத்ததிர்வை வைத்துச் செய்து பார்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, மேரிலாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய ரிங்ஸ் என்ற கருவி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பின் ஆதரவோடு, 2013ஆம் ஆண்டில் அது பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. நிலையத்துக்குள் ஏற்கெனவே ஸ்பியர்ஸ் என்ற பந்து போன்ற சிறு செயற்கைக்கோள்கள் இருந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் செய்த அவை, கரியமில வாயுவைப் பீய்ச்சி நிலையத்தின் அறைக்குள்ளேயே மிதந்து திரிபவை. இரண்டு பந்துகளைச் சுற்றி இரண்டு பெரிய வளையச் சுருள்களை மாட்டி, வாயு இல்லாமல் காந்தத்தால் அவற்றை இயக்கிப் பார்த்தார்கள். அதே இரண்டு சுருள்களைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பியும் சோதித்தார்கள். ஒத்ததிர்வில் இசைந்த இரண்டு சுருள்கள் என்றாலே அந்த வாய்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. நிழலில் சிக்கிய செயற்கைக்கோளுக்கு வெயிலில் இருப்பது மின்சாரம் கடன் கொடுக்கலாம்.

இந்த எண்ணத்துக்கு முறையான வடிவம் கொடுத்தது அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்பு, அதே மாசசூசெட்ஸ் கழகத்தில், டேவிட் மில்லர், ரேமண்ட் செட்விக் ஆகியோரின் குழு. அப்போது அவர்கள் மனதில் இருந்தது சிறு செயற்கைக்கோள்கள் அல்ல. பிற விண்மீன்களைச் சுற்றும் பூமி போன்ற கோள்களைக் காண, பல தொலைநோக்கிகளைப் பல பத்து மீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டு, அவற்றின் ஒளியை ஒன்றுசேர்க்கும் திட்டம் ஒன்று நாசாவில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த அணி முழுவதும் ஆண்டுக்கணக்கில் சக்கரம் போலச் சுழல வேண்டும். சுழலும்போது வெளியே விலகாமல் ஒவ்வொன்றையும் மையத்தை நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். உந்துபொறியால் அதைச் செய்தால் எரிபொருள் கரைந்துகொண்டே இருக்கும், வாயு கண்ணாடிகளில் படியும். காந்தம் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. ஆழ்வெளி என்பதால் பூமியின் புலத் தொல்லையும் இல்லை.

அத்தனை தூரத்துக்குச் சாதாரணக் கம்பி போதாது. மிகவும் குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திக் கம்பியால் சுருளைச் சுற்றினார்கள். திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, காற்று மெத்தையில் மிதக்கும் வண்டிகளில் ஏற்றி, மட்டமான தளத்தில் சோதித்தார்கள். மீக்கடத்தி என்ன வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: 1 மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் மின்னோட்டமும் சுற்றும் பெருக்கி ஒரு லட்சம் ஆம்பியர் சுற்று இருந்தால், 50 மீட்டர் தூரத்திலும் 9 மில்லி நியூட்டனுக்கு மேல் விசை கிடைக்கும். விண்வெளியில் அந்தக் குளிரைக் காப்பதற்குத் தனியே குளிரூட்டும் கருவி வேண்டும். அது எடையையும் மின்சாரத்தையும் கேட்கும். நாசாவின் அந்தக் கோள் தேடும் திட்டம் பின்னர் கைவிடப்பட்டுவிட்டது. சுருள்களைப் பற்றி அப்போது போட்ட கணக்குகள் இன்றும் பயன்படுகின்றன.

சாதாரணக் கம்பி என்று சொன்னேன், அதன் வெப்பத்தையும் பார்த்துவிடலாம். 2 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியால் நமது சுருளைச் சுற்றினால் 314 மீட்டர் நீளம், 5.6 கிலோகிராம் எடை, 10 ஆம்பியரில் 264 வாட் வெப்பம். சிறிய செயற்கைக்கோளுக்கு இது கனமான சுமை. அதே மின்தடைக்கு அலுமினியக் கம்பி தடிமனாக இருக்கும், ஆனால் எடை பாதிதான். ஆகவே அலுமினியம்தான் நல்லது. இதைவிட முக்கியமான ஒன்று, சுற்றுகளைக் கூட்டுவதை விட வளையத்தை அகலமாக்குவது நல்லது. அதே 314 மீட்டர் கம்பியை, ஆரத்தை இரண்டு மடங்காக்கி, 50 சுற்றாகச் சுற்றுங்கள். கம்பியின் எடை அதேதான், வெப்பமும் அதேதான். திருப்புத்திறன் இரண்டு மடங்கு. இரண்டு செயற்கைக்கோள்களிலும் அப்படிச் செய்தால் விசை நான்கு மடங்கு. ராக்கெட்டின் மூக்குக்குள் மடங்கி இருந்து, மேலே போனபின் விரியும் வளையம் ஒன்றை நம்பகமாகச் செய்துவிட்டால், மீக்கடத்தியைத் தேடிப் போகாமலே நிறையச் சாதிக்கலாம் என்பது என் கருத்து.

காந்தத்தால் எந்த நாளும் முடியாதவை சில உண்டு. அணியின் பொதுவான எடை மையத்தை அது நகர்த்தாது. இரண்டு பேர் படகுக்குள் நின்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு படகைக் கரை சேர்க்க முடியாது என்பது போல. காற்றின் உராய்வால் மொத்த அணியும் இறங்கிக்கொண்டிருந்தால் காந்தம் கைகட்டிக்கொண்டுதான் நிற்கும். உயரத்தை ஏற்றுவது, ஆயுள் முடிந்ததும் இறக்குவது இரண்டும் அதன் வேலையல்ல. மேலும், நேர்க்கோட்டில் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும்போது, அந்தத் தள்ளலுக்கு ஈடாக இரண்டு செயற்கைக்கோள்களின் உடலிலும் திருப்பு விசை விழும். கோண உந்தம் எங்கும் காணாமல் போவதில்லை. சக்கரங்களில் வந்து சேரும். நிரம்பிய சக்கரத்தைக் காலி செய்ய, பூமியின் புலத்தோடு வேண்டுமென்றே மல்லுக்கட்டலாம். செயற்கைக்கோள்கள் பல காலமாகச் சிறு மின்காந்தக் கம்பிகளால் செய்துவரும் வேலைதான் அது. பெரிய சுருள் இருக்கும்போது அது இன்னும் எளிது. இவ்வளவு நேரம் எதிரியாக இருந்த பூமி அங்கே உதவிக்கு வருகிறது.

எங்கே பயன்படுத்துவேன், எங்கே மாட்டேன் என்று கேட்டால்: ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் புரோபா 3, 2024 டிசம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. ஒரு செயற்கைக்கோள் சூரியனை மறைக்க, மற்றொன்று 144 மீட்டர் பின்னால் நின்று சூரியனின் வெளிவளையத்தைப் படமெடுக்கும். அந்தத் தூரத்தில் நமது சுருள்கள் தரும் விசை ஒரு நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. அங்கே உந்துபொறியைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு செயற்கைக்கோள்கள் 200 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டுப் பறந்து பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் போன்றவற்றில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இரண்டு கலங்கள் இணையும்போது கடைசிச் சில மீட்டர்கள், பல துண்டுகளாக ஏவிய தொலைநோக்கியையோ ஆன்டெனாவையோ விண்வெளியில் ஒன்றுசேர்ப்பது, ஐந்து பத்து மீட்டருக்குள் நெருங்கிப் பறக்கும் சிறு செயற்கைக்கோள் கூட்டம் ஆகியவற்றில் காந்தத்தை முதல் தேர்வாக வைப்பேன். நெருங்க நெருங்க உந்துபொறியின் வாயு ஆபத்தாகிக்கொண்டே போகும். காந்தமோ நெருங்க நெருங்கத்தான் வலுக்கிறது.

கேட்டவர் இதை வடிவமைக்க நினைக்கிறார் என்றால், உந்துபொறியை முழுவதுமாகக் கழற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். 10 மீட்டர் இடைவெளியில் 1 மீட்டர் உயரப் பிழையைத் திருத்த ஆறரை நிமிடம் போதும் என்று பார்த்தோம். ஏதோ ஒரு பழுதால் சில மணி நேரம் சுருள் ஓடவில்லை, இடைவெளி 30 மீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை எண்பத்தொன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதே திருத்தத்துக்கு இப்போது எட்டரை மணி நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் ஐந்து சுற்றுக்கு மேல் முடிந்து, அது இன்னும் ஐம்பது மீட்டர் விலகிப் போயிருக்கும். விலக விலக விசை மேலும் சரியும். அதாவது இந்தச் சுருள்களுக்கு 20 மீட்டரை ஒட்டி ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலி இருக்கிறது. அதற்குள் இருக்கும் வரை காந்தம் எந்தத் தவறையும் திருத்திவிடும். வேலியைத் தாண்டியதைத் திரும்பக் கூட்டிவர, சில நூறு கிராம் குளிர்வாயு தொட்டியில் மிச்சம் இருக்க வேண்டும்.